டீ வாங்கப் போன நேரம்

செத்த மீனோட வாயில தூண்டில் முள்ளை மாட்டுறது இவ்வளவு கஷ்டம்னு வயர்மேனுக்கு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. எத்தனையோ வீட்டுல கரண்ட் வயரை அசால்ட்டா முறுக்கின கை, இங்க முள்ளை ரெண்டு தடவை நழுவ விட்டுடுச்சு. ஒரு கண்ணு மீன் மேல, ஒரு கண்ணு தூரத்து டீக்கடை மேல.

டீக்கடையில நிக்கிறது அவரோட அக்கா புருஷன், டெய்லர். அவரு தூண்டில்லதான் இந்தத் திருட்டு வேலை நடக்குது.

யோசனை அக்காவோடது. முந்தின நாள் போன் பண்ணி ஒரே புலம்பல். கண்ணு மங்கி ஊசியில நூல் ஏறலைன்னு கடையை மகன்கிட்ட விட்டதுல இருந்து, அந்த மனுஷனுக்கு மிச்சம் இருக்கிறது ஞாயித்துக்கிழமை தூண்டில் மட்டும்தான். மழை ஆரம்பிச்சதுல இருந்து அதுலயும் ஒண்ணும் சிக்கலை. இந்த வாரமும் வெறுங்கையா வந்தா தூண்டிலைப் பரண்ல போட்டுடுவேன்னு சொல்லிட்டாராம்.

"அப்புறம் நாள் முழுக்க சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்துடுவார்டா. எப்படியாவது ஒரு மீனைப் பிடிக்க வை."

மீன் என்ன நம்ம வீட்டு நாயா, கூப்பிட்டா வர? அதனால வயர்மேன் காலையிலேயே மார்க்கெட்டுக்கு ஓடினார். போன கோடையில டெய்லரும் தானுமா, ஆறு கடல்ல கலக்குற இதே முகத்துவாரத்துல பாறை மீன் பிடிச்சது ஞாபகம் வந்துச்சு. சரி அதையே வாங்குவோம்னு, ஐஸ்ல கிடந்ததுல பளபளன்னு ஒண்ணைப் பொறுக்கி, டூல்ஸ் பைக்குள்ள மறைச்சுக் கொண்டு வந்துட்டார்.

டெய்லர் வந்ததும் வழக்கம்போல ஆத்துல விரலை நனைச்சு நாக்குல வெச்சுப் பார்த்தார். நூல் நுனியை ஈரம் பண்ணிப் பண்ணியே வந்த பழக்கம். "சப்புனு இருக்கு மாப்ளே. உப்பு சுத்தமா இல்லை. எல்லாம் மழைத்தண்ணி"ன்னு சலிச்சுக்கிட்டார்.

ரொம்ப நேரம் உக்காந்தும் மிதவை அசையலை. தண்ணி வேற செம்மண் கலர்ல ஓடுது. டெய்லர் தூண்டிலைச் சுருட்டவே ஆரம்பிச்சுட்டார். அப்பதான் வயர்மேன், கால் மரத்துப் போச்சு, நீங்களே போய் டீ வாங்கிட்டு வாங்க மாமான்னார்.

"நானா?"ன்னு டெய்லர் ஒரு நிமிஷம் அவரையே பார்த்தார். அப்புறம் லேசா சிரிச்சுக்கிட்டே எழுந்து போனார்.

வயர்மேனுக்கு இந்தத் தூண்டில் பைத்தியம் பிடிச்சதே டெய்லராலதான். வாலிப வயசுல வேலை போய், அக்கா வீட்டு மூலையில போர்வையைப் போத்திக்கிட்டுக் கிடந்தவரை, இதே மாதிரி ஒரு மழைக்காலத்துல தரதரன்னு இழுத்துட்டு வந்தார். பொழுது முழுக்க ஒண்ணும் மாட்டலை. டெய்லர் சொன்னாரேன்னு டீ வாங்கப் போயிட்டு வந்து தூண்டிலைத் தூக்கினா, முழங்கை நீளத்துக்குக் கெளுத்தி. ஒரு துள்ளல் இல்லை, ஒரு முரண்டு இல்லை. சமத்தா மேல வந்துச்சு.

மறுநாளே வயர்மேன் எழுந்து வேலை தேடக் கிளம்பிட்டார். என் கைராசி அப்படி, மீனே வந்து சரணடைஞ்சுதுன்னு, வயரிங்குக்குப் போற வீட்டுல எல்லாம் இன்னிக்கும் அந்தக் கதையைச் சொல்லாம ஸ்விட்ச் போர்டைத் தொட மாட்டார்.

டெய்லர் டீயோட திரும்பினப்ப மீன் தண்ணிக்குள்ள போயாச்சு. "மாமா, உங்க மிதவையைக் காணோம்"னார் வயர்மேன், ஒண்ணும் தெரியாத பாப்பா மாதிரி.

டெய்லர் டீயைக் கீழ வெச்சுட்டு இழுத்தார். தண்ணி கடலைப் பார்த்து ஓடுற வேகத்துல செத்த மீனும் கல்லு மாதிரி கனத்துச்சு. மீன் கரைக்கு வந்ததும் பக்கத்துல இருந்தவங்க எல்லாம் கை தட்டினாங்க. டெய்லர் மீனை மடியில வெச்சு, தைச்ச சட்டையைத் தடவிப் பார்க்கிற மாதிரி தலையில இருந்து வால் வரைக்கும் தடவினார். கண்ணு லேசா கலங்கிடுச்சு. வயர்மேனுக்கு அதைப் பார்த்ததும் பட்ட பாடெல்லாம் பறந்து போச்சு.

வீட்டு வாசல்ல அக்கா கன்னத்துல கை வெச்சு, அடேயப்பா, இவ்வளவு பெருசான்னு வாயைப் பிளந்தா. கொஞ்சம் ஓவராவே நடிச்சான்னு வயர்மேனுக்குத் தோணுச்சு. மீனை வாங்கிக்கிட்டு அவ உள்ள போயிட்டா.

டெய்லர் குழாயடியில கை கழுவிக்கிட்டே, தூண்டிலைப் பரண்ல போடுற பேச்சே இல்லை, அடுத்த ஞாயிறு சீக்கிரம் வந்துடுன்னார். வயர்மேனுக்கு உள்ளுக்குள்ள குளிர்ந்து போச்சு. தலையை ஆட்டிட்டுக் கிளம்பினார்.

"மாப்ளே, ஒரு நிமிஷம். உங்க அக்காகிட்ட சொல்லாதே. பாறை உப்புத்தண்ணி மீனு. ஆத்துல மழைவெள்ளம் இறங்குறப்ப அது இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது."

வயர்மேன் முகத்துல ஈயாடலை.

டெய்லர் ஈரக் கையை அவர் தோள்லயே துடைச்சுக்கிட்டார்.

"உனக்கு மாட்டினப்ப நான் கெளுத்தியாப் பார்த்துத்தானே வாங்கினேன்."