மவுங்காவின் ரத்தம்

"ரத்த சொந்தம் இல்லாதவன் அந்த எலும்பைத் தொடக் கூடாது. அவ்வளவுதான்."

ரங்கனாய் கறாராகச் சொல்லிவிட்டான். மரத்தடியில் உட்கார்ந்திருந்த மவுங்கா குடும்பம் மொத்தமும் தலையாட்டியது.

தலையாட்டாதவர் ஒருவர்தான். ஜைரோஸ் மவுங்கா, எழுபது வயது. பெயரில்தான் மவுங்கா, ரத்தத்தில் இல்லை என்பது ஊருக்கே தெரியும். பஞ்சத்தில் அநாதையாக வந்த ஒரு பையனை ரங்கனாயின் கொள்ளுத்தாத்தா மவுங்கா எடுத்து வளர்த்தார். அந்தப் பையனின் மகன் இவர். வெள்ளைக்கார அரசாங்கம் எல்லோரையும் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளச் சொன்னபோது, இவர் வீட்டாரும் மவுங்கா என்றே சொல்லிவிட்டார்கள். ரங்கனாய்க்கு அதுவே பெரிய எரிச்சல்.

ஆற்றில் அணை கட்டி முடித்தாயிற்று. மழை வந்தால் குன்றுக் குகையில் அடக்கம் செய்திருக்கும் மவுங்கா பெரியவரும் தண்ணீருக்குள் போய்விடுவார். அதற்குள் அவரை மேட்டு நிலத்துக்கு மாற்ற வேண்டும். ஹராரேயிலிருந்து ரங்கனாய் கல்லறைக்கல்லோடு வந்திருந்தான். சொந்தக்காரர் வீடெல்லாம் வருஷக்கணக்காக அலைந்து விசாரித்த வம்சத்தின் பெயர்களை அதில் செதுக்கியிருந்தான். ஜைரோஸ் வீட்டுப் பெயர் ஒன்றுகூட அதில் இல்லை.

"பேர் இல்லாட்டி போகுது, தம்பி," என்றார் ஜைரோஸ். "முதல்ல நான் ஒருத்தன் உள்ள போய்ப் பார்த்துட்டு வந்துடறேன். அப்புறம் நீங்க வாங்க."

"எதுக்கு?"

"பாம்பு கீம்பு இருக்கும்."

எஸ்னாத் அத்தைக்கு வந்ததே கோபம். "பாம்பாம் பாம்பு! குகையை அடைச்ச முதல் கல்லை எடுக்கறவன்தான் வாரிசுன்னு ஊர் சொல்லும், அதுக்குத்தான் இந்தத் துடிப்பு. பேரைக் குடுத்தோம், இருக்க இடத்தைக் குடுத்தோம். இப்ப தாத்தாவையே கேக்குது வந்தேறிக் கூட்டம்!"

வருஷா வருஷம் குகை வாசலில் புல் செதுக்கி, காட்டுத் தீ அண்டாமல் பார்த்துக்கொண்டவர் ஜைரோஸ்தான். அதை அவரும் சொல்லிக்காட்டவில்லை, மற்றவர்களுக்கும் ஞாபகம் வரவில்லை.

ஆனால் எந்தக் குகை என்று அவருக்குத்தானே தெரியும்? வேறு வழியில்லாமல் அவரை முன்னால் விட்டுக் குன்றேறினான் ரங்கனாய்.

"தம்பி, ஒரே ஒரு நிமிஷம் நான் மட்டும்..."

"பெரியவரே, மரியாதையா ஒதுங்குங்க."

குகை வாசலில் குந்தி உட்கார்ந்து, கைகளைத் தட்டி, குலத்தைச் சொல்லி அழைத்தான் ரங்கனாய். "சிங்கக் குலத்துப் பெரியவரே, உங்க ரத்தம் வந்திருக்கேன்." அடுக்கியிருந்த கற்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிட்டு டார்ச் அடித்தான்.

உள்ளே துளி ஈரமில்லை. போர்த்திய மாட்டுத்தோல் சுருங்கி விலகியிருந்தது. எலும்புகள் வைத்தது வைத்தபடி இருந்தன. இடுப்பெலும்பை ஒட்டி, காய்ந்து கறுத்த ஒரு மக்காச்சோளக் கதிர்.

ரங்கனாய் டார்ச்சை அந்தக் கதிர் மேலேயே நிறுத்தினான்.

போன வருஷம் சித்தப்பா கல்யாணமே ஆகாமல் செத்துப்போனபோது, அவர் இடுப்பருகே அவனே அப்படி ஒரு கதிரை வைத்திருக்கிறான். வாரிசில்லாமல் போகிறவருக்கு அதுதான் பிள்ளை. 'இதை வெச்சுக்கிட்டு நிம்மதியாப் போ, பிள்ளை கேட்டுத் திரும்பி வராதே' என்று சொல்லி வைப்பார்கள். பிள்ளை பெற்றவனுக்கு யாரும் வைக்க மாட்டார்கள்.

மவுங்காவுக்குப் பிள்ளையே இல்லை.

"இதை எடுத்து மறைச்சிடலாம்னுதான் பார்த்தேன்," என்றார் ஜைரோஸ் பின்னாலிருந்து.

"அப்ப... எங்க தாத்தா?"

"பஞ்சத்துல வந்தது ரெண்டு பசங்க, தம்பி. ஒண்ணு எங்கப்பா, ஒண்ணு உங்க தாத்தா. ரெண்டு பேருக்கும் ஒரே சட்டிக் களியைப் போட்டு வளர்த்தார்."

"ஏன் யாருமே சொல்லல?"

"உங்க தாத்தா பொண்ணு கேட்டுப் போனப்ப, என்ன குலம்னு கேட்டாங்க. குலம் தெரியாதவனுக்கு யாரு பொண்ணு குடுப்பா? 'இவன் மவுங்கா பெத்த பிள்ளை, வந்தேறி நான் மட்டும்தான்'னு எங்கப்பா சபையில எழுந்து சொன்னார். அந்தக் கல்யாணம் நடந்துதான் நீங்க எல்லாரும் வந்தீங்க. அப்பா கண்ணை மூடறதுக்கு முன்னாடி, இந்தக் கதிரைப் பத்தியும் சேர்த்து என்கிட்ட மட்டும் சொன்னார்."

ரங்கனாய்க்கு வெட்கம் ஒரு பக்கம், துக்கம் ஒரு பக்கம். எலும்பை நோக்கி நீட்டிய கை பாதியிலேயே நின்றுவிட்டது. கீழே மரத்தடியில் அவன் போட்ட சட்டம் இப்போது அவன் கையையே பிடித்துக்கொண்டது.

"தொடு, தம்பி. வளர்த்தவர்தானே, கோவிச்சுக்க மாட்டார்." ஜைரோஸ் கதிரை மெல்ல எடுத்தார். "புதுக் குழியில யாரும் பார்க்காம இதை அவர்கிட்டயே வெச்சுடறேன்."

ரங்கனாய் தொட்டான். தொட்டதும் விம்மி அழுதுவிட்டான்.

மூச்சிரைக்கக் குன்றேறி வந்துகொண்டிருந்த எஸ்னாத் அத்தை கீழிருந்தே கத்தினாள். "ரங்கனாய்! அந்த வந்தேறி எதையாவது தொட்டானா?"

ரங்கனாய் பேச வாய் திறந்தான். ஜைரோஸ் அவன் தோளை அழுத்தி அடக்கினார். கதிரைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு, தள்ளிப் போய்ப் பாறையோரமாகக் கைகட்டி நின்றார்.

"இல்லம்மா," என்றார். "ரத்த சொந்தம் மட்டும்தான் தொட்டிருக்கு."