மூன்று தட்டு

காற்றுதான் கதவைச் சாத்தியது. உள்ளே கொண்டி தானாக விழுந்தது.

அவள் பால்கனியில் நின்றாள். ஆறாவது மாடி.

சமையலறை ஜன்னல் வழியே எல்லாம் தெரிந்தது. அடுப்பில் பால். அதற்கப்பால் பாயில் தூங்கும் குழந்தை.

கம்பிக்குள் கையை விட்டாள். தோள் வரை போனது. அடுப்புக்கு எட்டவில்லை.

வாசல் கதவு வெறுமனே சாத்தித்தான் இருந்தது. யார் தள்ளினாலும் திறக்கும்.

குடிவந்து ஒரு வருஷம். யாரும் தள்ளியதில்லை.

கத்தினாள்.

பக்கத்து வீட்டில் ஒரு ஜன்னல் மூடிக்கொண்டது. இங்கே கத்தல் கேட்டால் சண்டை என்று எல்லோரும் மூடிக்கொள்வார்கள். அவளும் மூடிக்கொள்வாள்.

திரும்பவும் கத்த, பெயர் வேண்டும். பக்கத்து வீட்டுக்காரியின் பெயர் அவளுக்குத் தெரியாது.

பால் பொங்கியது. நீலச் சுடர் அணைந்தது.

ஸ்ஸ் என்ற சத்தம் மட்டும் நிற்கவில்லை.

கேஸ் நாற்றம் ஜன்னலுக்கு வந்துவிட்டது. குழந்தை புரண்டு படுத்தது.

மூலையில் பழைய பிளாஸ்டிக் குடம். இங்கே குழாயில் தண்ணீர் வருகிறது. துணிக் கிளிப்புகளை அதில் போட்டுவைத்திருந்தாள்.

கிளிப்புகளைக் கொட்டினாள். குடத்தைக் கவிழ்த்தாள்.

ஆற்றங்கரையில் குடிசைகள் இருந்தபோது, தண்ணி லாரியை முதலில் பார்ப்பவள் குடத்தைத் தட்ட வேண்டும். மூன்று தட்டு. கொஞ்சம் நிறுத்தி, மறுபடி மூன்று. பிறகு குடிசைகளை இடித்து, வீடுகளுக்குக் குலுக்கல் போட்டு, ஆளுக்கொரு கட்டடத்தில் கொண்டுவந்து வைத்தார்கள்.

தட்டினாள்.

எதிர்க் கட்டடத்தில் ஒரு கதவு திறந்தது. நைட்டியும் துண்டுமாக ஒருத்தி. இடுப்பில் குடம்.

தேசம்மா. கரையில் அடுத்த குடிசை. இத்தனை நாளாக எதிரிலேயே இருந்திருக்கிறாள்.

"லாரி எங்கடி நிக்குது?"

தட்டை நிறுத்தப் பயந்தாள். தட்டிக்கொண்டே இருந்தாள்.

மேலே ஒருத்தி. கீழே இரண்டு பேர். எல்லோர் கையிலும் குடம்.

பின்னால் கொண்டி தூக்கும் சத்தம்.

பக்கத்து வீட்டுக்காரி. இடுப்பில் குழந்தை. கேஸை மூடிவிட்டிருந்தாள். மற்றொரு கையில், வைக்க மறந்துபோன குடம்.

அவளை இதுவரை எந்தக் கரையிலும் பார்த்ததில்லை.

"எங்க கால்வாய்க் கரைலயும் மூணு தட்டுதான்க்கா," என்றாள். "உன்னையும் கூட்டிட்டுப் போலாம்னு கதவைத் தள்ளுனேன்."

குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

எதிரே, தேசம்மா இன்னும் எட்டி எட்டித் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.