படியேறி வந்த நாற்காலி

"வந்துடுச்சு!"

திறந்த கதவைத் திறந்த வேகத்திலேயே சாத்தி, அதில் முதுகைக் கொடுத்து நின்றார் கணக்கு வாத்தியார்.

"யாருங்க?" அடுப்படியிலிருந்து மனைவி கேட்டாள்.

"யாரா? நாற்காலிடி!"

மூன்று மாடிக் கட்டடம், லிஃப்ட் கிடையாது. உச்சி மாடியில் வாத்தியார். தரைத்தளத்தில் சவப்பெட்டி செய்கிற தச்சர். மனுஷன் சிரித்தாலும் பார்க்கிறவருக்குச் சிரிப்பு வராது, தொழில் அப்படி.

வாத்தியார் இதய ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பிய அன்று, தச்சர் பட்டறை வாசலில் நின்று அவரை மேலும் கீழும் பார்த்தார். கையில் அளவு நாடா.

"கண்ணாலேயே அளவெடுத்துட்டான்" என்று அன்றைக்கே வாத்தியாருக்குப் பாதி உயிர் போய்விட்டது.

மறுவாரம் முதல் மாடித் திருப்பத்தில் ஒரு நாற்காலி. பெயிண்ட் காணாத பலகை. பெட்டிக்கு அறுக்கிற அதே மரம்!

டாக்டர் சொன்ன நடைக்காகத் தினமும் இறங்கி ஏறும் வாத்தியார் அதைத் தொட்டதில்லை. சுவரைப் பிடித்து நின்று மூச்சு வாங்குவாரே தவிர, உட்கார மாட்டார்.

பிறகு அது இரண்டாவது மாடிக்கு ஏறியது. இன்று வாசலில் நிற்கிறது.

"எனக்கு எங்கே மூச்சு முட்டுதோ, மறுநாள் அங்கே வந்து நிக்குது. அதுக்கு எப்படித் தெரியும்?"

"நாற்காலிக்குக் காலுதாங்க உண்டு, காது கிடையாது."

"சிரி, சிரி. இனி உள்ளே வர்றதுதான் பாக்கி."

"டாக்டர் தேறிட்டீங்கன்னாரே?"

"சாகப்போறவன்கிட்ட வேற என்ன சொல்வார்?"

"எதிர் வீட்டுக்காரர்கூட நேத்து வணக்கம் சொன்னார்..."

"கடைசி வணக்கம்!"

கட்டிலில் விழுந்து போர்வையை முகம்வரை இழுத்துக்கொண்டார். "இனி வாசப்படி தாண்ட மாட்டேன்."

மனைவி அடுப்பை அணைத்தாள். நடையை நிறுத்தினால் மறுபடி ஆஸ்பத்திரிதான் என்று டாக்டர் எச்சரித்திருந்தார்.

கையில் பிடித்த கரண்டியோடு கீழே இறங்கினாள். பட்டறையில் ரம்பச் சத்தம் சட்டென்று நின்றது. மூடியில்லாத பெட்டிகளுக்கு நடுவிலிருந்து எழுந்தார் தச்சர்.

"அண்ணே, எதுக்கு அவரை அளவெடுத்தீங்க?"

"முழங்கால் உயரம் பார்த்தேம்மா. நாற்காலி தாழ இருந்தா, ஆபரேஷன் பண்ணின உடம்பு, எழுந்திருக்கச் சிரமப்படும்."

"சொல்லியிருக்கக் கூடாதா?"

"எங்கே? என்னைக் கண்டாலே சார் ஓட்டம் பிடிக்கறாரே!"

"சரி, அது ஏன் மாடி மாடியா ஏறி வருது?"

தச்சர் மரத்தூளைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"இங்கே உட்கார்ந்தா படிக்கட்டுச் சத்தம் நல்லா கேட்கும். சார் காலடி எந்த மாடியில நிக்குதோ, அங்கே கொண்டுபோய் வைப்பேன். ஆரம்பத்துல முதல் மாடி தாண்டல. நேத்து பாருங்க, உங்க வாசல் வரைக்கும் நிக்கவே இல்லை."

கரண்டி தானாகத் தாழ்ந்தது.

"நாளைக்கு வந்து எடுத்துக்கறேம்மா" என்றார் தச்சர். "இனிமே அதைக் கொண்டுபோய் வைக்க மேலே மாடி இல்லையே."