ஸ்டார்ட் ஆனால் போதும்

"ஸ்விச்சு மவுத்தாப் பெயித்து டீச்சர்!" என்றபடி டாஷ்போர்டுக்கு அடியிலிருந்து தலையை வெளியே எடுத்தான் மெக்கானிக் ஷிராஸ். "பெட்டரிக்கோ ஸ்டார்ட்டருக்கோ ஒரு கொறயும் இல்ல. கிளட்ச் பெடலுக்கு மேல ஒரு ஸ்விச் ஈக்கி. பெடல மிதிச்சாத்தான் அது ஸ்டார்ட்டருக்குக் கரண்ட் விடும். அதுதான் பழுது."

பத்மாதேவி டீச்சரின் முகம் வாடிவிட்டது.

"இண்டைக்கு அவர் வீட்டை வாறார் தம்பி. கொழும்பிலை குண்டு வெடிச்ச நாளிலையிருந்து ஆஸ்பத்திரிதான். மனுசன் ஆரோடையும் கதைக்கிறேல்லை. கார் ஸ்டார்ட் ஆகுதோ எண்டு மட்டும் கேக்கிறார். வந்து சாவியைத் திருப்பேக்கை அது சும்மா கிடந்தால், அவர் உடைஞ்சுபோவார்."

ஷிராஸுக்கு மனசு கேட்கவில்லை. ஸ்விச்சுக்குப் போகும் வயர் இரண்டையும் ஒன்றாக முறுக்கினான். கியரை நியூட்ரலில் போட்டு, வெளியே நின்றபடியே சாவியைத் திருப்பினான். அம்பிட்டிய மேடு அதிர எஞ்சின் உறுமியது.

"கிளட்ச் மிதிக்காமலே ஸ்டார்ட் ஆகுதே!" டீச்சர் சின்னப்பிள்ளை மாதிரிக் கை தட்டினார். "இப்பிடியே விட்டிட்டுப் போங்கோ."

"ஐயோ, ஏலா டீச்சர்! கியர்ல கிடந்து திருப்பினா, பாஞ்சு பள்ளத்துல பெயிரும். வேற ஸ்விச் கொண்டாறேன்."

"கார் ஓட வேண்டாம் தம்பி. ஸ்டார்ட் ஆனாப் போதும். வயர் அப்பிடியே கிடக்கட்டும்."

மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தவர், சொல்லாமலே கணவரை அழைத்துவர, வாசலில் காத்திருந்த வாடகை வேனில் ஏறிவிட்டார்.

படித்த மனுஷிக்கு இத்தனை பிடிவாதமா! குண்டுக்குத் தப்பி வருகிற மனிதர் சொந்த வாசலில் கார் பாய்ந்து சாகவா? ஷிராஸ் மோட்டார் சைக்கிளை உதைத்தான். சோதனைச் சாவடிதோறும் இறங்கி ஏறி, பிலிமத்தலாவைப் பழைய சாமான் கடையில் ஸ்விச் தேடிப் பிடித்து, வந்து பொருத்தினான். மிதித்துத் திருப்பினால் எஞ்சின் பாடியது. மிதிக்காவிட்டால் மூச்சே இல்லை. அச்சாவான வேலை! சந்தோஷத்தோடு பின்பக்கக் குழாயில் கை கழுவப் போனான்.

திரும்பி வந்தபோது வேன் வந்துவிட்டிருந்தது. டீச்சரின் கணவர் யோகேந்திரன் அதற்குள் கார் கதவைச் சாத்திக்கொண்டு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்துவிட்டார். கண்ணாடிக்குள்ளே அவர் முகம் சிரித்தது. அதைப் பார்த்து டீச்சரும் சிரித்தார்.

சாவியைத் திருப்பினார். சத்தமே இல்லை. மறுபடி திருப்பினார். அவர் சிரிப்பு செத்துப்போனது.

"புது ஸ்விச் போட்டிருக்கேன் சேர்!" ஷிராஸ் பெருமையாகக் கூவினான். "கிளட்ச்ச நல்லா மிதிச்சிட்டுத் திருப்புங்க!"

டீச்சர் முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மினார்.

ஒன்றும் விளங்காமல் ஷிராஸ் கார்க் கதவைத் திறந்தான். யோகேந்திரனின் காற்சட்டை இடது பக்கம் முழங்காலோடு மடித்து ஊசி குத்தியிருந்தது.

அந்த இடத்திலேயே முழந்தாளிட்டு, உள்ளே குனிந்து, இரண்டு கைகளாலும் கிளட்சை அடிவரை அழுத்திப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "இப்பத் திருப்புங்க சேர்."