போர்டு நம்பர்

"இந்த பிராசசர் உங்க கம்ப்யூட்டர் போர்டுல உட்காராது சார். யாரு இதை வாங்கச் சொன்னது?"

மெக்கானிக் இப்படிக் கேட்டதும் மருந்துக்கடைக்காரர் பிராசசர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிரித்த டப்பாவைத் திரும்ப எடுக்கமாட்டார்கள் என்பதுகூடப் பெரிதாகப் படவில்லை. இதை வாங்கித் தரச் சொன்ன அந்தச் சின்னப் பெண் என்ன நினைப்பாளோ என்பதுதான் கவலை.

நாற்பத்தைந்து வயதில் அவருக்கு இப்போதுதான் கல்யாணம் கூடி வந்திருக்கிறது. மணப்பெண்ணுக்குப் பதினாலு வயதில் ஒரு மகள். முதல் கல்யாணம் விவாகரத்தில் முடிந்த கதையை அவள் சொன்னதுமில்லை, இவர் கேட்டதுமில்லை. "என் பொண்ணு சரின்னு சொன்னாத்தான் ரிஜிஸ்டர் ஆபீஸ் பக்கமே வருவேன்" என்று மட்டும் கறாராகச் சொல்லியிருந்தாள்.

மகளோ இவரிடம் முகம் கொடுத்தே பேசியதில்லை. போன வாரம்தான் திருவாய் மலர்ந்தாள். "என் கம்ப்யூட்டர் ஆமை மாதிரி போகுது. நல்ல பிராசசர் வாங்கிப் போட்டுத் தாங்க. பாலத்துக்குக் கீழ ஒரு கடை இருக்கு, அங்கதான் போடணும்." போர்டு நம்பரையும் அவளே போனில் அனுப்பினாள். இவர் தலைகால் புரியாமல் ஓடிப்போய் வாங்கிவிட்டார்.

"பாருங்க." மெக்கானிக் கேபினெட்டுக்குள் டார்ச் அடித்தார். "இது பழைய போர்டு. நீங்க வாங்கினது இதுக்கு அடுத்து வந்த போர்டுக்கு. சாக்கெட்டே வேற. அழுத்தி வச்சா பின் வளைஞ்சு ரெண்டுமே காலி."

இவர் போனை எடுத்துப் பார்த்தார். போர்டில் அச்சடித்திருந்த நம்பருக்கும் அவள் அனுப்பியதற்கும் கடைசி இலக்கம் வேறாக இருந்தது. போனைச் சட்டென்று பைக்குள் போட்டுக்கொண்டார்.

"நம்பர் யாரு கொடுத்தது?"

"நான்தான் தப்பாப் பார்த்துட்டேன்."

"என்ன வேலை சார் பண்றீங்க?"

"மருந்துக்கடை."

"ஒரு எழுத்து மாறினா ஆளே போய்ச் சேர்ற வேலை. நீங்களா நம்பரைத் தப்பாப் பார்த்தீங்க? மெஷின் யாரோடது?"

"பொண்ணோடது." சொன்ன பிறகு அவருக்கே கூச்சமாக இருந்தது.

"அப்ப அதுதான் மாத்திக் கொடுத்திருக்கும். இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு எல்லாமே விளையாட்டு. வீட்டுக்குப் போய் நல்லா ஒரு டோஸ் விடுங்க."

"அதெல்லாம் வேணாங்க." இவர் குரல் இறுகியது. "வாங்கறதுக்கு முன்னாடி உங்ககிட்ட வந்து கேட்டிருக்கணும். தப்பு என்னோடது. அவளை எதுவும் சொல்லாதீங்க."

மெக்கானிக் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு உள்ளே போய் வேறொரு பிராசசரோடு வந்தார்.

"இந்த போர்டு ஏத்துக்கிறதுலயே வேகமானது இதுதான். உங்களோடது இங்க இருக்கட்டும், வேற யாருக்காவது ஆகும்."

பழையதைக் கழற்றி, புதியதை வைத்து, மேலே பசை தடவி ஃபேனை முடுக்கினார். ஆன் செய்ததும் திரை மளமளவென்று வந்தது. கூலி எவ்வளவு என்று கேட்டதற்கு வேண்டாமென்று கையை ஆட்டிவிட்டார். இப்படியும் ஒரு வியாபாரியா என்று இவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

பெட்டியைச் சுமந்துகொண்டு மூச்சு வாங்க மாடி ஏறினார். கதவைத் திறந்தது மகள்தான்.

"லேட் ஆயிடுச்சும்மா. நான் நம்பரைத் தப்பாப் பார்த்து வேற ஒண்ணை வாங்கிட்டேன். கடைக்காரர் நல்ல மனுஷன், அவரே மாத்திப் போட்டுட்டார்."

"நீங்க சரியாத்தான் பார்த்தீங்க. நான்தான் வேணும்னே தப்பா அனுப்பினேன்" என்றாள் அவள், பெட்டியின் ஒரு பக்கத்தைத் தாங்கிப் பிடித்தபடி.

இவர் பெட்டியை இறக்கி வைப்பதற்குள் அவள் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். "அம்மா, ரிஜிஸ்டர் ஆபீஸ்ல தேதி கேட்டுடு. எவ்வளவு கிளறியும் இவரு என்னை விட்டுக்கொடுக்கவே இல்லையாம், இப்பத்தான் கடையிலேருந்து அப்பா போன் பண்ணாரு."