நீல டப்பா

கணவன் டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்து முடிக்கட்டும் என்று அவள் காத்திருந்தாள். எதற்கெடுத்தாலும் குறை சொல்பவன் அன்றைய டீயில் ஒரு குறையும் சொல்லவில்லை.

"டீத்தூள் தீந்து போச்சுங்க" என்றாள் சாவகாசமாக. "உங்க ரூம்ல நீல டப்பால ஏதோ காஞ்ச இலை இருந்துச்சே, அதைப் போட்டுக் கொதிக்க வச்சேன்."

கப் தரையில் விழுந்து உடைந்தது. அவன் முகத்தில் ஈயாடவில்லை.

அவன் வேதியியல் படிப்பைப் பாதியில் விட்டவன். தெருவில் பட்டப்பெயர் 'சயின்டிஸ்ட்'. மாடி அறையில் காய்ந்த இலைமேல் ஒரு ரசாயனத்தைத் தெளித்து, பளபளக்கும் பாக்கெட்டில் அடைத்து, 'அறை நறுமணத்துக்கு மட்டும், உட்கொள்ளக் கூடாது' என்று அச்சடித்து விற்பான். வாங்குகிறவர்கள் யாருக்கும் அறை மணக்க வேண்டும் என்ற ஆசை கிடையாது. போதைக்காகச் சுருட்டிப் புகைப்பார்கள்.

அப்படிப் புகைத்தவர்களில் ஒருவன் அவளுடைய சொந்தத் தம்பி. வலிப்பு வந்து விழுந்தவனுக்கு உயிர் தப்பியது, சிறுநீரகம் தப்பவில்லை. ஆஸ்பத்திரி மாடியில் மெஷினோடு படுத்துக் கிடக்கிறான்.

போலீஸ் இரண்டு முறை வந்து பாக்கெட்டுகளை அள்ளிக்கொண்டு போனது. இரண்டு முறையும் லேப் கையை விரித்துவிட்டது. தடை செய்த பொருள் எதுவும் இல்லையாம். சயின்டிஸ்ட் மீசையை முறுக்கிக்கொண்டு, மச்சினனைப் பார்க்க ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போனான். அந்த ஆரஞ்சுப் பழத்தைத்தான் அவளால் மன்னிக்கவே முடியவில்லை.

"அடிப்பாவி! வண்டியக் கூப்பிடுடி!"

அவள் பதறவில்லை. போன் செய்தாள், செருப்பை மாட்டினாள், கதவைப் பூட்டினாள். ஃப்ளாஸ்க்கையும் மறக்காமல் எடுத்துக்கொண்டாள்.

"மிச்ச டீ. டாக்டர் கேட்டா காட்டணும்ல?"

வழியிலேயே அவனுக்கு நெஞ்சு படபடத்தது. நாக்கு வறண்டது. விரல்கள் நடுங்கின. வாந்தியும் வந்தது. தன் சரக்கு என்னென்ன செய்யும் என்பது அவனுக்கு அத்துப்படி. ஒன்றுவிடாமல் எல்லாம் வந்து சேர்ந்தன.

அவசர சிகிச்சைப் பிரிவில், திரை போட்ட கட்டிலில் அவனைக் கிடத்தினார்கள். டாக்டரம்மா நாடியைப் பிடித்துப் பார்த்தாள்.

"என்ன சாப்பிட்டீங்க?"

சொன்னால் ஜெயில், சொல்லாவிட்டால் சுடுகாடு.

"ஏதோ... இலை."

"என் தம்பிக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது டாக்டர்" என்றாள் மனைவி மெல்ல. "முதல்ல படபடப்பு. அப்புறம்தான் வலிப்பு."

அவன் டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஆனா யூரின் டெஸ்ட்ல ஒண்ணுமே காட்டலியே" என்றாள் டாக்டரம்மா, வந்ததும் எடுத்த சோதனையின் சீட்டைப் பார்த்தபடி. "எல்லாம் நார்மல்."

"நார்மலாத்தான் காட்டும்!" என்று கத்தினான் சயின்டிஸ்ட். "எந்த டெஸ்ட்லயும் மாட்டக் கூடாதுன்னுதானே செஞ்சிருக்கேன்! ஒரு ரசாயனத்தத் தடை பண்ணினா, அதுல ஒரு வாலை வெட்டி வேற வாலை ஒட்டிடுவேன். லேப்காரனுக்கு எதைத் தேடறதுன்னே தெரியாது!"

"அப்ப கஞ்சா மாதிரிதானா?"

உயிர் போகிற நேரத்திலும் அவனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"கஞ்சாவா? அது மூளையில இருக்கிற கதவ லேசாத் தட்டும் டாக்டர். என்னுது கதவையே பேத்துட்டு உள்ள போய் உக்காந்துக்கும். கிளம்பவே கிளம்பாது. இதயம், கிட்னி, எல்லாத்தையும் கலைச்சுப் போட்டுடும். அதுவும் கைத்தெளிப்பு. ஒரு இலையில ஒண்ணுமே இருக்காது, பக்கத்து இலையில பத்துப் பேருக்கு உண்டானது ஒட்டியிருக்கும். எனக்கு எந்த இலை வந்துச்சோ! மாத்து மருந்து கொடுங்க!"

"இதுக்கு மாத்து மருந்தே கிடையாதே. சரியா எதுன்னு சொன்னா, வலிப்புக்கும் இதயத்துக்கும் முன்கூட்டியே தயாரா இருக்கலாம். இல்லாட்டி எங்களக் கண்ணக் கட்டிக் காட்டுல விட்ட கதைதான்."

அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. ரசாயனத்தின் பெயர், அதை அனுப்புகிறவன், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அடுக்கியிருக்கும் டின்கள், எந்தெந்தக் கடையில் விற்பனை என்று சகலத்தையும் கொட்டித் தீர்த்தான். மச்சினன் புகைத்தது தன் பாக்கெட்தான் என்பதையும் சேர்த்துச் சொன்னான்.

பக்கத்துக் கட்டிலின் திரை விலகியது. இரண்டு முறையும் வெறுங்கையோடு திரும்பிய அதே இன்ஸ்பெக்டர், கையில் செல்போனோடு எழுந்து வந்தார்.

"அத்தனையும் பதிவாயிடுச்சு. லேப்ல இனிமே எதைத் தேடணும்னு முழிக்க வேண்டாம்."

சயின்டிஸ்ட் மனைவியைப் பார்த்தான். வண்டிக்குப் போன் செய்தவள் இன்னொரு போனும் செய்திருக்கிறாள் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

இன்ஸ்பெக்டர் அவள் பக்கம் திரும்பினார். அவர் குரல் தாழ்ந்தது.

"உங்க வருத்தம் எனக்குப் புரியுதும்மா. தம்பிக்கு நடந்தது கொடுமைதான். ஆனா தெரிஞ்சே விஷம் கொடுத்திருக்கீங்க, அது கொலை முயற்சி. நீங்களும் ஸ்டேஷனுக்கு வரணும்."

"ஆமா சார், விடாதீங்க அவள!" என்று கட்டிலிலிருந்து ஈனக்குரல் வந்தது.

அவள் ஃப்ளாஸ்க்கைத் திறந்து, மிச்ச டீயை மூடியில் ஊற்றி, ஊதி ஊதி முழுவதையும் குடித்துவிட்டு, "வீட்டுல டீத்தூள் தீரவே இல்ல சார்" என்றாள்.