மூன்றாம் இலக்கக்காரன்

நிரூபா உயர்த்திய கையை இறக்கவில்லை.

வகுப்பின் முன்னால் ஐந்து ஆண்கள் நின்றார்கள். ஆளுக்கொரு இலக்க அட்டையை நெஞ்சோடு பிடித்திருந்தார்கள். கோப்பி குடிக்கப் போவதற்கு முன்னர் ஒருவன் கதவை உதைத்துத் திறந்துகொண்டு வந்து, விரிவுரையாளர் ஏஞ்சலாவின் கைப்பையைப் பறித்துக்கொண்டு ஓடியிருந்தான். நாடகம்தான், பாடத்துக்காக என்று பிறகு சொல்லிவிட்டார்கள்.

இந்த ஐந்து பேரில் ஓடினவன் யார் என்பதுதான் கேள்வி.

மூன்றாம் இலக்கம். அதில் அவளுக்கு ஒரு சந்தேகமும் இல்லை. எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று ஏஞ்சலா கேட்டபோது, கண்ணை வைத்து என்றாள்.

ஐம்பது தாண்டினபிறகு கொலிஜில் உளவியல் படிக்கப்போகிறேன் என்றபோது, அவள் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் சிரித்தார்கள். மகன் ஜதுர்சன்தான் பிடிவாதமாகக் கொண்டுவந்து சேர்த்துவிட்டான். முதல் நாளே ஏஞ்சலா மிஸ் ஒன்று சொல்லிவைத்தார். (மற்றவர்கள் எல்லாரும் அவரை வெறும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், நிரூபாவுக்கு மிஸ் சேர்க்காமல் வாயில் வராது.) இந்தப் பாடம் வகுப்போடு நிற்காது, வீட்டுக்கும் பின்னால் வரும், பூட்டிவைத்ததை எல்லாம் திறக்கச் சொல்லும், ஆயத்தமாக இருங்கள் என்றார் மிஸ்.

அவள் திறந்துவிட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை, சோறு போட்டுக் கொடுத்துக்கொண்டே, அந்தப் பெயரை மகனிடம் சொல்லிவிட்டாள்.

சண்டைக் காலத்தில் ஒருநாள், ஊரில் ஆமி எல்லாரையும் பள்ளிக்கூட மைதானத்துக்கு வரச்சொல்லி, ஆம்பிளையளை வரிசையில் விட்டது. ஜீப்புக்குப் பக்கத்தில், ஆளைக் காட்டிக்கொடுக்கிற தலையாட்டி இருந்தான். தலை முழுக்கச் சாக்கு, கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. ஜதுர்சனின் அப்பா முன்னால் வந்தபோது அந்தச் சாக்கு மேலும் கீழும் ஆடியது. ஏற்றிக்கொண்டு போனவர்கள் திருப்பிக் கொண்டுவந்து விடவில்லை. ஜதுர்சன் அப்போது அவள் வயிற்றில்.

சாக்குக்குள் இருந்தது பக்கத்து வளவுப் பொன்னம்பலம். இப்போது இங்கே கனடாவில்தான், பிறம்ரனில் மகள் வீட்டில் இருக்கிறார். றிச்மண்ட் ஹில் கோயிலில், செருப்புக் கழற்றும் இடத்தில் ஒருநாள் எதிர்ப்பட்டு, தடியை ஊன்றி நின்று, சுகமோ பிள்ளை என்று கேட்டார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டாள்.

ஜதுர்சன் ஒன்றுதான் கேட்டான். வடிவாத் தெரியுமோ அம்மா என்று. செத்தாலும் அந்தக் கண்ணை மறக்கமாட்டன் என்றாள். அவன் பாதிச் சோற்றோடு எழும்பிக் கை கழுவினான்.

இன்று காலை அவளை இங்கே இறக்கிவிடும்போது, பிறம்ரன் பக்கம் ஒரு அலுவல் இருக்குது, பின்னேரம் பஸ்ஸில் போங்கோ என்றான். வீட்டிலிருந்து வெளிக்கிட முன்னர் காரின் டிக்கியைத் திறந்து மூடின சத்தம் அவளுக்குக் கேட்டது. என்னத்தை வைத்தாய் என்று கேட்கவில்லை.

கேட்டால் சொல்லிவிடுவான் என்ற பயம்.

போன் மேசையில் சத்தமில்லாமல் குப்புறக் கிடந்தது.

மூன்றாம் இலக்கத்துக்குத்தான் ஆகக்கூடக் கை. ஏஞ்சலா மிஸ் எல்லாக் கைகளையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போய்க் கதவைத் திறந்தார். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வேறொருவன் உள்ளே வந்து, எல்லாருக்கும் கை காட்டினான்.

ஓடினவன் அவன்தான். முன்னால் நின்ற ஐந்து பேரில் அவன் இல்லவே இல்லை. மூன்றாம் இலக்கக்காரனின் சாடை அவனிடம் மருந்துக்கும் கிடையாது.

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. மூன்றாம் இலக்கக்காரனும் சேர்ந்து சிரித்தான். கை இன்னும் மேலே நின்றதாலோ என்னவோ, மிஸ் நேரே நிரூபாவிடம் வந்தார். அதட்டாமல், தன்மையாகத்தான் கேட்டார்.

"அந்தக் கண்ணை நீங்கள் எப்போது கண்டீர்கள், நிரூபா? அவன் ஓடும்போதா, பிறகு எல்லாருமாகக் கோப்பி குடித்துக்கொண்டு கதைக்கும்போதா?"

நிரூபா பதில் சொல்ல வாயைத் திறந்தாள்.

அவன் கதவை உதைத்த சத்தத்தில் அவள் மேசைக்குக் கீழே குனிந்திருந்தாள். அது பழைய பழக்கம். நிமிர்ந்தபோது தெரிந்தது ஒரு முதுகு மட்டும். உருட்டி முழிக்கிற கண் என்று சொன்னது பக்கத்து மேசைப் பெட்டை. கோப்பி வரிசையில் நின்றபோது சொன்னாள்.

கை தானாகக் கீழே இறங்கியது.

மைதானத்திலும் அவள் குனிந்துதான் நின்றாள். நிமிர்ந்தால் அடி. ஓரக்கண்ணால் கண்டது சாக்கு ஆடினதை மட்டும். ஆர் பிள்ளை அவன் என்று அன்றைக்கு மாமி உலுக்கி உலுக்கிக் கேட்டபோது, தெரியேல்லை மாமி, தெரியேல்லை என்றுதான் குழறினாள். பொன்னம்பலம் என்ற பேரைச் சொன்னது யாரோ ஒருத்தி. சங்கக்கடை அரிசி வரிசையில், பல நாள் கழித்து.

அதற்குப் பிறகுதான் அந்த ஓட்டைகளுக்குள் கண் வந்தது.

போனை அள்ளிக்கொண்டு வெளியே ஓடினாள். பின்னால் மிஸ் கூப்பிட்டது கேட்டது. ஜதுர்சனுக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. திரும்ப அடித்தாள். இந்தமுறை மணியே போகவில்லை.

அப்போதுதான் கண்டாள், அவனுடைய குரலில் ஒரு சேதி வந்து கிடந்தது. அவள் கையை உயர்த்திக்கொண்டிருந்த நேரத்தில் வந்திருக்க வேண்டும்.

அழுத்திக் காதில் வைத்தாள். மகனின் குரலில் ஒரு பதற்றமும் இல்லை.

"கதவைத் திறந்தது அந்தாள்தான் அம்மா. நீங்கள் சொன்ன அதே கண்."